மூன்று தாங்கி, ஒரு சட்டி: மடக்கு காஸ் அடுப்புக்குப் பாத்திரம் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருக்கும் ஒரு தம்பதிக்கு வெளிநாட்டு உறவினர் ஒருவர் மடக்கு அடுப்பொன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கைக்குள் அடங்கும், காஸ் ரின்னின் தலையில் திருகிப் பூட்டும் வகை. விமானத்தில் காஸ் ரின் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் அடுப்பு மட்டும்தான் வந்தது. 230 கிராம் ரின்னை இங்கே வாங்கிக்கொண்டார்கள். போகும் இடம் மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளி, இரண்டு இரவு கூடாரம். சமைக்க நினைத்தது சோறு, பருப்பு, தேத்தண்ணி. அங்கே விறகு மூட்டத் தடை, ஆகவே எல்லாமே இந்த அடுப்பில்தான்.

குசினி நிறையப் பாத்திரம் இருந்தும் ஒன்றுகூட அதில் ஒழுங்காக நிற்கவில்லை. "ரெண்டு பேருக்கு எத்தனை லீற்றர் சட்டி வேணும்?" என்று கேட்டுக்கொண்டு தேடத் தொடங்கியதுதான் பிழை. கொள்ளளவு கடைசியாகப் பார்க்கவேண்டிய கணக்கு. முதலில் பார்க்கவேண்டியது சட்டியின் அடி எவ்வளவு அகலம், அது எவ்வளவு தட்டை என்பதை.

அடுப்பை அளந்தபோது

அடுப்பின் தாங்கிகளை, அதாவது சட்டி உட்காரும் மடக்குக் கைகளை, முழுக்க விரித்துவிட்டு அடிமட்டத்தால் நான்கு இடம் அளக்கப்பட்டது. மூன்று தாங்கிகளின் நுனிகளைத் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் 14 சென்ரிமீற்றர். தாங்கிகள் உள்ளே தொடங்கும் இடத்தில் வட்டம் 4.5 செ.மீ. சுவாலை வரும் தலை 4 செ.மீ. தலையின் மேல்விளிம்புக்கும் சட்டி உட்காரும் மட்டத்துக்கும் இடைவெளி 22 மி.மீ.

இதில் பெரும்பாலானோர் கவனிக்காதது தாங்கி மூன்றாக இருப்பதன் விளைவு. நுனிவட்டம் 14 என்றால், மையத்திலிருந்து எந்தப் பக்கமும் 7 செ.மீ. வரை பாரம் விலகலாம் என்று தோன்றும். அப்படியில்லை. மூன்று நுனிகளையும் கோட்டால் இணைத்தால் வருவது முக்கோணம். இரண்டு தாங்கிகளுக்கு நடுவே உள்ள பக்கத்தில் அந்தக் கோடு மையத்திலிருந்து 3.5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது, அதாவது சரி பாதி. பாரத்தின் மையம் அந்தக் கோட்டைத் தாண்டினால் சட்டி சரியும். நான்கு தாங்கி உள்ள அடுப்பில் இதே 7 செ.மீ. நீளத்துக்கு 4.9 செ.மீ. கிடைக்கும். வாங்கும் நிலையில் இருப்பவர்கள் நான்கு தாங்கியை எடுப்பதே மேல். அடுப்பு ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் இந்தப் பாதிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சட்டி தேடவேண்டும்.

சட்டியின் அடி தாங்கிகளைவிடச் சிறிதாக இருந்தால் கணக்கு இன்னும் இறுகும். அப்போது நுனி வட்டத்துக்குப் பதில் சட்டி அடியின் வட்டம்தான் எல்லை.

இந்த அடுப்புக்கு ஏற்ற அடி, ஆகக் குறைந்தது 12, ஆகக் கூடியது 17 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பன்னிரண்டுக்குக் குறைந்தால் சுவாலை அடியைத் தாண்டிச் சுவரில் ஏறி, காஸும் வீண், கைப்பிடியும் கருகும். பதினேழுக்கு மேல் போனால் விளிம்பு தாங்கிக்கு வெளியே அதிகம் தொங்கும். அதைவிட, அகன்ற அடி வெப்பத்தைக் கீழே ரின்னின் தோளுக்குத் திருப்பிவிடும்.

வீட்டுப் பாத்திரங்கள் ஏன் தோற்றன

முதலில் ஏறியது பால் காய்ச்சும் நீளக்கைப்பிடிப் பாத்திரம். வாய் 16, அடி 11 செ.மீ., பக்கம் உள்ளே சரிந்தது. வெறும் பாத்திரத்தை வைத்துக் கையை எடுத்தவுடன் கைப்பிடிப் பக்கம் கவிழ்ந்தது. அரை லீற்றர் தண்ணீர் விட்டு வைத்தால் நின்றது. விநோதம் ஒன்றும் இல்லை. பாத்திரத்தின் உடல் 250 கிராம், கைப்பிடி 120 கிராம். கைப்பிடியின் பாரம் மையத்திலிருந்து சுமார் 16.5 செ.மீ. தள்ளி இருக்கிறது. வெறுமையாக இருக்கும்போது மொத்தப் பாரத்தின் மையம் 5.3 செ.மீ. விலகும். அடி 11 என்பதால் தாங்கும் எல்லை 2.75 மட்டும். தண்ணீர் விட்டதும் விலகல் 2.3 ஆகக் குறைகிறது, அதுவும் மயிரிழையில். உண்மையான ஆபத்து தேத்தண்ணியை ஊற்றி முடித்து, பாத்திரத்தைப் பழையபடி அடுப்பில் வைக்கும் கணத்தில். அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கும், பாத்திரம் வெறுமை.

வேறு பாத்திரமே இல்லை, இதைத்தான் கொண்டுபோகவேண்டும் என்றால் கைப்பிடியை இரண்டு தாங்கிகளுக்கு நடுவே விடாமல் ஒரு தாங்கிக்கு நேர் மேலே நிறுத்தவேண்டும். அந்தத் திசையில்தான் முழு நீளமும் துணைக்கு வரும்.

அடுத்தது கறி வைக்கும் அலுமினியச் சட்டி, அடி உருண்டது. நம் வீடுகளில் பழகிய வடிவம்; விறகடுப்பின் மூன்று கல்லுக்குள் பொருந்தி உட்காரும். கல்லடுப்பில் சட்டி கற்களின் நடுவே இறங்கி, பக்கங்களால் பிடிபடுகிறது. மடக்கு அடுப்பின் தாங்கிகளோ தட்டையாக வெளியே நீண்டவை. உருண்ட அடி அவற்றின் உள் தொடக்கத்தில் மட்டும் தொடும். 14 செ.மீ. வட்டம் இருந்தும் பயன்படுவது 4.5 செ.மீ. வட்டம், அதன் பாதிக் கணக்கில் மையத்திலிருந்து 1.1 செ.மீ. அகப்பையால் ஒரு சுற்றுக் கிண்டினால் போதும், பருப்பு புல்லில். மண்சட்டிக்கும் இதே வியாதி. கூடவே சிறிய தலையின் சுவாலை ஒரே புள்ளியில் சுடுவதால் வெடிக்கவும் செய்யும்.

மின்தூண்டல் அடுப்புக்கென்று வாங்கிய தடித்த அடிச் சட்டி ஒன்றும் இருந்தது. 2022 காஸ் தட்டுப்பாட்டுக்குப் பிறகு கொழும்புக் குசினிகளில் இப்படி ஒன்றாவது இருக்கும். அடி தட்டை, அழகாகவே உட்கார்ந்தது. ஆனால் 20 செ.மீ. அகலம், வெறும் சட்டியே 1.4 கிலோ. சோறும் தண்ணீரும் சேர்ந்தால் ரின்னின் தலையில் இரண்டு கிலோவுக்கு மேல் நிற்கும். தோளில் சுமந்து மலை ஏறுபவருக்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை.

கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத ஒன்று: ரிபன் கரியரின் ஒரு அடுக்கு. நேர்ச்சுவர், வாய் 14 செ.மீ., உயரம் 7 செ.மீ., ஏறக்குறைய ஒரு லீற்றர், மூடியும் உண்டு. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பொருந்தியது. இரண்டு குறை. ஒன்று, அடுக்கு ஒன்றின்மேல் ஒன்று அமர்வதற்காக அடியில் ஒரு படி இருக்கிறது. தாங்கியைத் தொடுவது 11.5 செ.மீ. வளையம் மட்டும். மற்றது உலோகம். எவர்சில்வர் வெப்பத்தைப் பரப்புவதில் மந்தம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மெல்லிய எவர்சில்வருக்குக் கீழே 4 செ.மீ. சுவாலை எரிந்தால், நடுவில் ஒரு வட்டம் மட்டும் கருகி, ஓரத்தில் அரிசி வேகாமல் கிடக்கும். தண்ணீர் கொதிக்க வைக்க, நூடில்ஸ் போட இது போதும். சோறு என்றால் அடிப்பிடிக்கும்.

புறக்கோட்டையில்

கடைக்குப் போகுமுன் ஒரு காட்போட் மட்டையில் 14 செ.மீ. வட்டம் வரைந்து வெட்டி, அதன்மேல் மூன்று தாங்கிகளின் கோடுகளும், நடுவில் 4.5 வட்டமும் போட்டுக்கொண்டார்கள். அடுப்பையே கையில் கொண்டுபோவதைவிட இது வசதி. நெரிசலில் மூன்றாம் குறுக்குத் தெருவின் நடைபாதையில் நின்று அடுப்பை விரித்து மடக்க முடியாது. மட்டையைச் சட்டியின் அடியில் பிடித்தவுடன் ஆம், இல்லை தெரிந்துவிடும்.

ஒட்டியிருக்கும் அளவை நம்பவேண்டாம் என்பது அங்கே முதல் சட்டியிலேயே தெரிந்தது.

"நானா, இதிலை பதினாறு எண்டு போட்டிருக்கு. அடி பதின்மூண்டுதான் வருது."

"அது வாயளவு, தம்பி. அடியை ஆரும் கேக்கிறேல்லை."

சட்டிகளின் அளவு வாயின் விட்டத்தைத்தான் சொல்லும். பக்கம் சரிந்த சட்டியில் வாய்க்கும் அடிக்கும் மூன்று, நான்கு செ.மீ. வித்தியாசம் சாதாரணம். நேர்ச்சுவர்ச் சட்டி என்றால் மட்டுமே இரண்டும் ஒன்று.

தெரிவானது இரண்டு பக்கமும் காது வைத்த நேர்ச்சுவர் அலுமினியச் சட்டி. விட்டம் 16 செ.மீ., உயரம் 10 செ.மீ., தகடு ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. விளிம்புவரை நிரப்பினால் 2 லீற்றர். சட்டி 285 கிராம், மூடி 60 கிராம். நுனி வட்டத்தைவிட அடி இரண்டு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. மட்டும் வெளியே வருகிறது. தாங்கிகளின் முழு நீளமும் வேலை செய்யும்.

அதே வரிசையில் இன்னும் மெல்லிய, இன்னும் மலிவான சட்டி ஒன்று இருந்தது. அதை விட்டதற்குக் காரணம் உண்டு. மெல்லிய அலுமினியத் தகடு ஒருதரம் தண்ணீரில்லாமல் சூடானால் அடி வயிறு தள்ளும். பிறகு அது தாங்கியில் பம்பரம் போலச் சுழலும், உருண்ட அடிச் சட்டியின் கதைதான் மறுபடி. கடையில் சோதிப்பது இலகு. கண்ணாடி மேசையில் சட்டியை வைத்து விளிம்பை எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி அழுத்தவேண்டும்; ஆடினால் வேண்டாம். ஆடாவிட்டால் ஒரு கடதாசித் துண்டை அடியின் கீழ் நுழைத்துப் பார்க்கவேண்டும். கடதாசி ஓரத்தில் எங்கும் நுழையாமல் நின்றால் அடி தட்டை, அல்லது நடுவில் சற்றே உட்குழிவு. சிறு உட்குழிவு நல்லது, சூட்டில் அது சமனாகும்.

காது ஆணியடித்ததா, ஒட்டுப் போட்டதா என்பதையும் திருப்பிப் பார்க்கவேண்டும். ஆணியைச் சுற்றித் தண்ணீர் கசியும் சட்டிகள் புதிதாகவே விற்பனைக்கு வருகின்றன. கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டு ஊற்றிப் பார்ப்பதில் வெட்கம் எதற்கு?

பல்கனி ஒத்திகை

மலைக்குப் போய்ப் பார்ப்போம் என்று விடாமல், வீட்டுப் பல்கனியில் முழுச் சமையலும் ஒருதரம் செய்யப்பட்டது. அறைக்குள் செய்யக்கூடாது, சுவாலை குளிர்ந்த உலோகத்தில் பட்டு அரைகுறையாக எரியும்போது காபன் மொனொக்சைட் வரும், அதற்கு மணம் இல்லை. கூடாரத்துக்குள்ளும் கூடாது, மழை எவ்வளவு கொட்டினாலும்.

சோற்றுக்கு 200 கிராம் அரிசி, 450 மில்லிலீற்றர் தண்ணீர். சட்டிக்குள் இது 3 செ.மீ. உயரம்கூட வராது. பொங்குவதற்கு ஏழு செ.மீ. மிச்சம் இருப்பது வீணல்ல. கஞ்சி பொங்கி வழிந்தால் நேரே அடுப்புத் தலையின் துவாரங்களில் இறங்கி அடைக்கும். பிறகு சுவாலை ஒரு பக்கம் மட்டும் எரியும். அரிசியைக் கழுவி அரை மணி ஊறவைத்து, மூடியோடு கொதிக்கவிட்டு, கொதி வந்ததும் சுவாலையைக் குறைத்து, தண்ணீர் அரிசி மட்டத்துக்கு வற்றியதும் அடுப்பை அணைத்துவிட்டார்கள். பிறகு சட்டியை இறக்கி, தடித்த துவாயால் சுற்றி 15 நிமிடம். சின்னத் தலை உள்ள அடுப்பில் கடைசிவரை எரித்து வேகவைக்க முயன்றால் அடிப்பிடிப்பது நிச்சயம். துவாய்க்குள் இருக்கும் சூடே மீதி வேலையைச் செய்யும்.

பருப்புக்கு உப்புப் போடுவதில் பிரச்சினை இல்லை. தேசிக்காயும் புளியும் அலுமினியத்தில் கொதிக்கக் கூடாது, அதைவிட ஊறிக் கிடக்கக் கூடாது. தேசிக்காயைக் கோப்பையில் போட்டபிறகு பிழிந்துகொள்ளலாம். புளிக்குழம்பு ஆசை உள்ளவர்கள் அந்த ரிபன் கரியர் அடுக்கையும் கொண்டுபோகட்டும்.

சரிவு பற்றியும் இங்கே ஒரு கணக்குப் பார்க்கப்பட்டது. ரின் 9, அடுப்பு 8 செ.மீ.; சட்டி நிலத்திலிருந்து 17 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. விளிம்பு 27. அடியில் நிலத்தைத் தொடுவது 11 செ.மீ. அகல ரின். மொத்தப் பாரம் ஒன்றரைக் கிலோ. விளிம்பில் 300 கிராம் எடைக்குச் சமமான பக்கத் தள்ளல் போதும், எல்லாம் கவிழும். அகப்பையால் கிண்டும்போது மறுகை ஒரு காதைப் பிடித்தே இருக்கவேண்டும், பிடிதுணியோடு.

ரின்னுக்குக் கீழே பூட்டும் மூன்று கால் பிளாஸ்ரிக் தாங்கி வாங்கலாமா? அதற்கும் அதே பாதிக் கணக்குத்தான். கால் நுனி மையத்திலிருந்து 11 செ.மீ.க்குக் குறைவென்றால், சமதரையில் அது ரின்னின் சொந்த அடியைவிட நன்றாகத் தாங்காது. புல்லும் மேடுபள்ளமும் உள்ள நிலத்தில் மட்டும் பயன், அங்கே மூன்று கால் ஆடாமல் நிற்கும். தட்டையான ஒரு கல்லைத் தேடி எடுப்பது இரண்டையும்விட நல்லது.

காஸ் எவ்வளவு போகும் என்பதைச் சமையல் தராசு சொல்லிவிடும்; அடுப்பைக் கழற்றி, ரின்னைச் சமைக்க முன்னும் பின்னும் நிறுத்தால் போதும். எதிர்பார்க்க வேண்டிய எண் எது என்பதற்கு ஒரு கணக்கு: கொழும்புத் தண்ணீர் ஒரு லீற்றரை 27 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக சுமார் 306 கிலோயூல். சட்டிக்குள் பாதிச் சூடு போய்ச் சேர்ந்தால் 13 கிராம் அளவு காஸ். ஒடுங்கிய பாத்திரத்தில் சுவாலை பக்கத்தால் ஓடி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சேர்கிறது என்றால் 19 கிராம். தராசு இருபதைத் தாண்டிக் காட்டினால் ஒன்றில் காற்று அடிக்கிறது, அல்லது மூடி போடவில்லை, அல்லது சுவாலை அடியைவிடப் பெரிதாக எரிகிறது. சுவாலையைக் குறைத்தால் நேரம் கொஞ்சம் கூடும், காஸ் மிஞ்சும்.

காற்றுக்கு மறைப்பு வைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். இந்த வகை அடுப்பில் ரின் நேர் கீழே இருக்கிறது. தகட்டால் சுற்றி மூடினால் சூடு ரின்னைச் சுற்றியே தேங்கும். காற்று வரும் ஒரு பக்கத்தில் மட்டும், கை நீளம் தள்ளி, முதுகுப் பையையோ கல்லையோ வைத்தால் போதும். இடையிடையே ரின்னைத் தொட்டுப் பார்க்கவேண்டும். குளிர்ந்து கிடப்பதுதான் அதன் இயல்பு. சுட்டால் உடனே அணைக்கவேண்டும்.

மேலே போனால் மாறுவது

சமவெளிக்குப் போகும் வழியில் உள்ள பட்டிப்பொல ரயில் நிலையமே ஏறத்தாழ 1,890 மீற்றரில் இருக்கிறது. சமவெளி 2,100க்கு மேல். அங்கே தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொதி பார்த்து ஏமாறக்கூடாது, பருப்புக்கு அது போதாத சூடு. மைசூர்ப் பருப்பைக்கூட ஒரு மணி நேரம் ஊறவைத்துத்தான் ஏற்றவேண்டும். வேக நேரம் கூடும் என்பதால், சூடு வீணாகாமல் மூடியும் இறுக்கமாக இருக்கவேண்டும். இந்தச் சட்டியின் மூடி சற்றுத் தளர்வு என்பதால் மேலே ஒரு சின்னக் கல் வைக்கத் தீர்மானித்தார்கள்.

ரின்னைப் பக்கத்தில் படுக்கவைத்து எரிக்கும் பெட்டி அடுப்புக்கு விற்கும் நீண்ட 220 கிராம் ரின்னை இணைப்பான் போட்டு இதில் பாவிக்கலாமே, அது மலிவு என்ற கேள்வியும் வந்தது. கொழும்பில் எரியும். அந்த ரின்களில் வழமையாக இருப்பது பியூட்டேன், சாதாரண பியூட்டேன் −0.5 பாகையில்தான் கொதிக்கும். ஜனவரி விடியலில் சமவெளி உறைபனியைத் தொடுகிற குளிரில் ரின்னுக்குள் அமுக்கம் மிகவும் குறைந்துவிடும். சுவாலை மெழுகுதிரி போல ஆடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திருகு ரின்தான் அங்கே உதவும்.

வீட்டில் பெட்டி அடுப்பு வைத்திருப்போருக்கு

பக்கத்தில் ரின் படுத்திருக்கும் பெட்டி அடுப்பில் சட்டி விழுவது அரிது. அங்கே பிழை மறுபக்கம்: சட்டி மிகப் பெரிதாகிவிடும். பெருநாளுக்கு, பிறந்தநாளுக்கு என்று 28, 30 செ.மீ. சட்டியை ஏற்றினால் அது ரின் அறையின் மூடிக்கு மேல் குடை விரிக்கும். சூடு கீழே திரும்பி ரின் சூடாகும், அமுக்கம் ஏறும். இந்த ரின்களை 50 பாகைக்கு மேல் சூடாகவிடக் கூடாது. பல பெட்டி அடுப்புகளில் அமுக்கம் கூடினால் ரின்னைத் தானே கழற்றிவிடும் பொறி உண்டு. "பத்து நிமிசத்திலை அணையுது, அடுப்பு பழுது" என்று கடைக்குக் கொண்டுபோகிறார்கள். பழுது அடுப்பில் இல்லை, சட்டியில். அணைந்த அடுப்பை நெம்புகோலை அழுத்திப் பிடித்து மறுபடி எரிக்கப் பார்ப்பது மகா ஆபத்து.

அளவு கண்டுபிடிக்க: சுவாலைத் தலையின் நடுவிலிருந்து ரின் அறை மூடியின் விளிம்புவரை அடிமட்டம் வைத்து, வந்ததை இரண்டால் பெருக்கி, 2 செ.மீ. கழிக்கவேண்டும். 13 என்று வந்தால் 24 செ.மீ. சட்டி எல்லை. இங்கே மட்டும் அடியைவிட வாயளவுதான் முக்கியம், ஏனென்றால் குடை விரிப்பது வாய். அடுப்போடு வந்த தாளில் இதைவிடக் குறைந்த அளவு இருந்தால் அதுவே சட்டம். இரண்டு பெட்டி அடுப்பை அருகருகே வைத்து ஒரு பெரிய தாச்சியை ஏற்றுவது எந்தக் கணக்கிலும் வராது.

பொதி கட்டியபோது

230 கிராம் ரின்னின் விட்டம் 11 செ.மீ., உயரம் 9, பத்து செ.மீ. சட்டிக்குள் நிமிர்ந்து நின்றது, மூடியும் பொருந்தியது. சுற்றிவர இரண்டரை செ.மீ. இடைவெளியில் துவாயைச் சுற்றித் திணித்ததும் சத்தம் நின்றது. அடுப்பைக் கழற்றித் தனியாக ஒரு துணிப்பையில் போட்டார்கள். ரின்னில் பூட்டியபடி கொண்டுபோனால் பைக்குள் குமிழ் திரும்பிக் காஸ் கசியும். காட்போட் மட்டையை மூடிக்கு உள்பக்கம் வைத்து, மூடி கழன்று விழாமல் சட்டியை ஒரு றப்பர் பட்டியால் கட்டியாயிற்று.